சாய்தளம் வந்துவிட்டது, ஆள் எப்போது வருவார்?

மாற்றுத்திறன் குழந்தைகளை வெளியே அழைத்துப் போகும் சிறப்பாசிரியர்கள் முதலில் விசாரிப்பது கழிப்பறையைத்தான். ஊஞ்சல், சறுக்குமரம், நிழல், கூட்டம் எல்லாம் அதற்குப் பிறகு. கதவின் அகலம் சக்கர நாற்காலிக்குப் போதுமா, வாசலில் படி உண்டா, உள்ளே கைப்பிடி இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக அது திறந்திருக்குமா, பூட்டியிருந்தால் சாவி யாரிடம்? முதல் நாளே ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் மறுநாள் வேன் கிளம்பும். போனில் கேட்டால் எங்கும் ஒரே பதில்தான் வரும்: "எல்லா வசதியும் இருக்கு மேடம், நீங்க வாங்க."

சென்னையில் ஏறக்குறைய கால் நூற்றாண்டாக இந்த வேலையில் இருக்கும் ஒரு சிறப்பாசிரியரின் அனுபவம் இது. குழந்தைகளும் பெற்றோரும் அவரை 'மிஸ்' என்று கூப்பிடுகிறார்கள். பெயரைப் போட்டால் குழந்தைகள் யாரென்று தெரிந்துவிடும். அதனால் இங்கும் மிஸ் என்றே இருக்கட்டும். எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுக்க வகுப்பறைக்கு வந்தவர் அவர். பிள்ளைகளைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் கூட்டிப்போவது அவருடைய வேலைப் பட்டியலில் இல்லை. ஆனாலும் பள்ளி, தெரபி, வீடு என்று மூன்று இடங்களுக்குள்ளேயே சுற்றிவரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டு என்று கிடைப்பதும் தெரபியாகவே இருக்கிறது. பந்தைப் பிடித்தால் அது கண்ணுக்கும் கைக்கும் பயிற்சி. மணலைத் தொட்டால் அது புலன் பயிற்சி. சும்மா விளையாட அந்தப் பிள்ளைக்கு யாரும் நேரம் தருவதில்லை. மற்ற பிள்ளைகளுக்குக் கணக்குப் பார்க்காமல் கிடைக்கும் ஒன்று, இவர்களுக்கு மட்டும் மருந்துச் சீட்டுபோல அளந்து கிடைக்கிறது. அதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை.

ஓர் ஊஞ்சலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். செரிப்ரல் பால்சி உள்ள ஒரு சிறுமி. இடுப்புக்கு மேலே உடம்பைத் தானாக நிமிர்த்தி வைத்துக்கொள்ள முடியாது. சங்கிலியில் தொங்கும் சாதாரணப் பலகை ஊஞ்சலில் அவளை உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பின்னால் நின்று தம் நெஞ்சில் அவள் முதுகைத் தாங்கிக்கொள்வார். மற்றவர் முன்னால் மண்டியிட்டு அவள் கால்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வார். துப்பட்டாவை மடித்து, இரண்டு பக்கச் சங்கிலிக்கும் குறுக்காக அவள் வயிற்றைச் சுற்றிக் கட்டுவார்கள். கட்டு இறுகக் கூடாது, நழுவவும் கூடாது. முதல் தள்ளல் ஒரு சாண் தூரம்தான். அப்போது அவள் கைவிரல்கள் உள்ளங்கைக்குள் இறுக மூடியிருக்கும், தாடை விறைத்திருக்கும். ஒரே சீராக, மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தால் விறைப்பு இளகத் தொடங்கும். தோள் இறங்கும், விரல் ஒவ்வொன்றாகப் பிரியும். பிறகு அவள் குரல் எழுப்புவாள். பூங்காவில் இருப்பவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரத்த குரல். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே அவள் அம்மா வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருப்பார்.

முதுகு சாய்க்க வளைந்த இருக்கையும் இடுப்புப் பட்டையும் உள்ள ஊஞ்சல் ஒன்று இருந்தால் அந்தத் துப்பட்டாவுக்கு வேலையில்லை. அப்படிப்பட்ட விளையாட்டுச் சாதனங்களை யோசித்து வைத்த இடங்கள் நம் ஊரில் வரத் தொடங்கியிருக்கின்றன என்பது மகிழ்ச்சியான செய்தி. சாந்தோம் நெடுஞ்சாலையில் சென்னை மாநகராட்சி 2019-இல் திறந்த புலன் உணர்வுப் பூங்கா சிறப்புக் குழந்தைகளை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. தொட்டுப் பார்க்கவும் ஒலி எழுப்பிப் பார்க்கவும் மணலில் அளையவும் அங்கே இடம் உண்டு. மாநகராட்சிப் பூங்கா என்றால் நடைபாதையும் புல்வெளியும் இரும்பு ஊஞ்சலும் என்றிருந்த நகரத்தில் அது ஒரு பெரிய மாற்றம்.

அதைவிடப் பெரிய மாற்றம் மெரினாவில் நடந்தது. மணல்தான் சக்கர நாற்காலிக்குப் பெரிய எதிரி. முன்சக்கரம் புதைந்தால் நாற்காலி அப்படியே குப்புறச் சாயும். அதனால் சென்னையிலேயே பிறந்து வளர்ந்த பலர் சாலையோரத்தில் இருந்தபடி கடலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்புகள் விடாமல் கேட்டதன் பலனாக டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளை ஒட்டித் தற்காலிகப் பாதை போடும் வழக்கம் வந்தது. அந்த ஓரிரு நாளில் வந்து அலையில் கால் நனைத்துவிட்டுப் போனவர்கள் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். 2022 நவம்பர் 27 அன்று நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், செலவு ஏறத்தாழ 1 கோடியே 14 லட்ச ரூபாய். முதல் நாள் அந்தப் பாதையில் போனவர்களில் நரைத்த தலைக்காரர்களும் இருந்தார்கள்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரை கடந்த மாண்டஸ் புயல் அந்தப் பாதையைச் சேதப்படுத்தியது. செய்தி வந்த காலையில் மிஸ்ஸின் போனுக்குப் பெற்றோரிடமிருந்து வந்த குரல்களில் சிலவற்றில் அழுகை இருந்தது. மாநகராட்சி அதைச் சரிசெய்து மறுபடி திறந்தது. பெசன்ட் நகரிலும் இப்போது அப்படியொரு பாதை உண்டு. கடலோரத்தில் மரம் போட்டால் காற்றும் மணலும் உப்பும் அதைச் சும்மா விடாது. பலகை மேல் ஏறும் மணலைத் தினமும் கூட்டித் தள்ள வேண்டும், துருப்பிடித்த ஆணியை மாற்ற வேண்டும், பெயர்ந்த பலகையை அன்றைக்கே பார்க்க வேண்டும். திறப்பு விழாவில் செலவு முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது.

சரி, பாதை இருக்கிறது, பூங்கா இருக்கிறது. பிள்ளைகள் வருகிறார்களா? மிஸ் கேட்கும் கேள்வி இதுதான். பாதை தானாகப் போய் ஒரு பிள்ளையை வியாசர்பாடியிலிருந்து கூட்டிவராது. வேன் வாடகை யார் தருவது? ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்றால் ஆட்களுக்கு எங்கே போவது? அம்மாவுக்கு முதுகு வலி, அப்பாவுக்கு ஞாயிறும் வேலை, இருபத்திரண்டு வயது மகனை இரண்டாம் மாடியிலிருந்து இறக்கிவர யாருமில்லை என்றால், கடற்கரையில் எத்தனை மீட்டர் பலகை போட்டாலும் அந்த வீட்டுக்குக் கடல் எட்டாத தூரம்தான். 2024 ஆகஸ்டில் சென்னையில் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகள் இதில் ஓர் அடி முன்னேற்றம். நிறுத்தத்தில் பக்கவாட்டில் சாய்ந்து, பலகை விரித்து, சக்கர நாற்காலியை ஏற்றிக்கொள்ளும் வண்டிகள் அவை. ஆனால் வீட்டு வாசலிலிருந்து அந்த நிறுத்தம் வரை நடைபாதை வேண்டும்.

இங்கேதான் ஒரு நகரம் 'வசதி' என்று நினைப்பதும், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் 'நிகழ்ச்சி' என்று சொல்வதும் பிரிகின்றன. வசதிக்கு டெண்டர் விடலாம். நிகழ்ச்சிக்கு ஆள் போட வேண்டும். ஒவ்வொரு வாரமும் குறித்த நாளில், குறித்த நேரத்தில், இந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த ஒருவர் அங்கே நிற்க வேண்டும்.

இதை ஒரு நகராட்சி ஊழியரே தொடங்கி வைத்த கதை சிகாகோவில் இருக்கிறது. ஆன் மக்லோன் என்ற இளம் உடற்கல்வி ஆசிரியை 1960-களில் சிகாகோ பூங்காத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு விளையாட்டு கற்றுத்தரும் பொறுப்பு அவருக்கு வந்தது. பிள்ளைகள் ஓடியதையும் தாண்டியதையும் பார்த்தவருக்கு, இவர்களுக்கென்று நகர அளவில் ஒரு தடகளப் போட்டி நடத்தினால் என்ன என்று தோன்றியது. பணம் கேட்டுக் கென்னடி அறக்கட்டளைக்கு எழுதினார். அங்கே யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் அதை நாடு தழுவிய போட்டியாக விரித்தார். 1968 ஜூலை 20 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் நடந்தது. அமெரிக்காவின் 26 மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் சுமார் ஆயிரம் பேர் கலந்துகொண்டார்கள். அந்த உடற்கல்வி ஆசிரியை பின்னாளில் சட்டம் படித்து, ஆன் பர்க் என்ற பெயரில் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். உலகம் முழுதும் பரவிய ஓர் இயக்கத்தின் விதை ஒரு மாநகரப் பூங்காவின் மாதச் சம்பளக்காரரிடம் இருந்தது என்பதை மிஸ் தம் மாணவ ஆசிரியர்களுக்குத் தவறாமல் சொல்வார்.

அதே இல்லினாயில் அதற்கு அடுத்து நடந்தது விழாவைவிட முக்கியமானது. சிறிய ஊர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஓர் ஊரில் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர், பார்வையற்றோர் இரண்டு பேர் என்றால், அவர்களுக்கென்று பயிற்சி பெற்ற ஆளை அந்த ஊர் எப்படி வைத்துக்கொள்ளும்? பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சேர்ந்துகொண்டன. 1970-இல் சிகாகோவின் வடக்குப் புறநகர்கள் ஒன்றுகூடி மாற்றுத்திறனாளிகளின் பொழுதுபோக்குக்காகவே ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. வேன், பயிற்சியாளர், கோடை முகாம் எல்லாம் பொது. அதற்கான பணத்தைச் சொத்து வரியோடு சேர்த்து வாங்கச் சட்டமே இடம் தந்தது. மதிப்பிட்ட சொத்தில் நூறு டாலருக்கு 4 சென்ட் வரை. அப்படிப்பட்ட கூட்டமைப்புகள் அந்த மாநிலம் முழுக்க வந்தன. ஒரு பிள்ளை தன் ஊர்ப் பூங்காவின் சாதாரண நீச்சல் வகுப்பில் சேர விரும்பினால், கூட்டமைப்பு ஓர் உதவியாளரைக் கூடவே அனுப்பும்.

அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990-இல் வந்தது. உள்ளாட்சிகளுக்கான அதன் விதிகளில் மிஸ்ஸுக்குப் பிடித்தவை இரண்டு. தனி நிகழ்ச்சி ஒன்றை நகரம் நடத்தலாம். ஆனால் 'உனக்குத்தான் தனியாக நடத்துகிறோமே' என்று சொல்லிப் பொது நிகழ்ச்சியிலிருந்து ஒருவரை ஒதுக்கக் கூடாது. இரண்டாவது, சைகை மொழிபெயர்ப்பாளரை வைத்தோம், சாய்தளம் போட்டோம் என்று சொல்லி அந்த மாற்றுத்திறனாளியிடம் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது. நீச்சல் குளங்களுக்கும் விதி உண்டு. குளத்தின் சுற்றுச் சுவர் நீளம் 300 அடிக்குக் குறைவென்றால் தண்ணீருக்குள் இறக்கிவிடும் தூக்கி அல்லது சரிவான இறங்குவழி ஒன்றாவது வேண்டும். அதற்கு மேல் போனால் இரண்டு வழி வேண்டும். நம் ஊரில் ஒரு நீச்சல் குளத்தில் மிஸ் அனுமதி கேட்கப் போனபோது, மற்றவர்கள் சங்கடப்படுவார்கள், காலை ஆறு மணிக்கு முன்னால் வந்துவிட்டுப் போய்விடுங்கள் என்றார்களாம். அவர் அந்த நேரத்தை ஏற்கவில்லை.

நேரம் பற்றிய இந்தச் சச்சரவு இந்தத் தொழிலில் ஓயாதது. காலை பதினொரு மணிக்குப் பூங்கா காலியாக இருக்கும், யாரும் முறைக்க மாட்டார்கள், பிள்ளை கத்தினாலும் கேள்வி வராது என்பார்கள் பெற்றோர். அவர்கள் பட்ட பாடு அப்படி. ஆனால் காலிப் பூங்காவில் விளையாடக் கூட்டாளி ஏது? முதல் சில முறை காலை நேரம் சரி. இடம் பழகட்டும், ஊஞ்சல் பழகட்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளை என்றால் வேன், கேட், ஊஞ்சல், தண்ணீர், திரும்பவும் வேன் என்று வரிசையாகப் பட அட்டை வைத்து, அடுத்து என்ன என்பதைக் காட்டிக்கொண்டே போக வேண்டும். ஊஞ்சலிலிருந்து இறங்கும் நேரம் வந்தால் திடீரென்று இறக்கக் கூடாது. "இன்னும் அஞ்சு ஆட்டம்" என்று விரல் காட்டி எண்ணி, ஐந்தாவதில் நிறுத்த வேண்டும். இது பழகிய பிறகு மாலை ஐந்து மணிக்குப் போகலாம் என்பார் மிஸ். அந்த நேரத்தில்தான் தெருப் பிள்ளைகள் வருவார்கள்.

வருவார்கள், கேட்பார்கள். "அக்கா, இவன் ஏன் இப்படிக் கத்துறான்?" மிஸ் தயங்காமல் பதில் சொல்வார்: "அவனுக்குச் சந்தோஷம் வந்தா அப்படித்தான் கத்துவான். நீ குதிப்ப இல்ல, அது மாதிரி." கேட்ட பிள்ளை தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் பந்தை அவன் பக்கமும் உருட்டிவிடும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தள்ளிப்போவது பெரும்பாலும் பெரியவர்கள்தான்.

இதை ஒரு முறையாகவே செய்து காட்டியது பெங்களூரின் கிலிகிலி அமைப்பு. சிறப்புக் குழந்தையின் தாயான கவிதா கிருஷ்ணமூர்த்தி தொடங்கியது. 2006-இல் மாநகராட்சியோடு சேர்ந்து கோல்ஸ் பார்க்கில் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும் இடத்தை அந்த அமைப்பு உருவாக்கியது. பிறகு வேறு பூங்காக்களுக்கும் போனது. சாதனங்களை நிறுவியதோடு அவர்கள் நிற்கவில்லை. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளையும் இல்லாத பிள்ளைகளையும் ஒரே இடத்தில் கூட்டி விளையாட்டு விழாக்கள் நடத்தினார்கள். இடமும் நிகழ்ச்சியும் சேர்ந்தே வர வேண்டும் என்பதை இந்திய நகரம் ஒன்றிலேயே காட்டிவிட்டார்கள். வெளிநாட்டு உதாரணத்தைச் சொன்னால் "அது அமெரிக்கா மேடம்" என்று கோப்பை மூடிவிடும் அதிகாரிகளிடம் மிஸ் பெங்களூரைத்தான் சொல்வார்.

மாற்றுத்திறனாளி என்றால் சக்கர நாற்காலி என்ற எண்ணம் இன்னொரு தடை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சாய்தளத்தால் பயன்பெறுவோர் அவர்களில் ஒரு பகுதியினரே. பார்வையற்ற சிறுவனுக்கு வேண்டியது உள்ளே இரும்புக் குண்டுகள் போட்டுக் கலகலவென்று ஒலிக்கும் பந்து. தொட்டே கட்டத்தின் நிறத்தை அறியும்படி மேடு பள்ளமாகச் செய்து, காய்களைத் துளையில் செருகும் சதுரங்கப் பலகை. செவித்திறன் குறைந்த சிறுமிக்குச் சைகை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும், அவள் எந்த விளையாட்டிலும் முந்திக்கொள்வாள். ஓசை தாங்காத பிள்ளைக்கு ஒலிபெருக்கியை அணைத்துவிட்ட ஒரு மணி நேரம் வேண்டும். இவை எதற்கும் சிமெண்ட் தேவையில்லை. இதையெல்லாம் தெரிந்த ஒரு மனிதர் தேவை.

அந்தச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு பண்பாடும் பொழுதுபோக்கும் பற்றியது. 30-ஆவது பிரிவு விளையாட்டு பற்றியது. இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 30-ஆவது உறுப்பும் பொழுதுபோக்கு, ஓய்வு, விளையாட்டு மூன்றையும் உரிமை என்றே சொல்கிறது. சட்டத்தில் குறை இல்லை. ஆனால் 30-ஆவது பிரிவு என்றால் நாம் பதக்கத்தைத்தான் நினைக்கிறோம். ரியோவில் சேலத்து மாரியப்பன் தங்கவேலு தங்கம் வென்றதும், பாரிஸில் துளசிமதி முருகேசன் வெள்ளி வென்றதும் எல்லோருக்கும் பெருமை. அந்த வீரர்களுக்குப் பரிசும் வேலையும் தருவது நியாயம். ஆனால் பதக்கமே வாங்கப்போகாத, வாங்க விரும்பாத, ஞாயிற்றுக்கிழமை மாலை சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு சுண்டல் சாப்பிட ஆசைப்படும் லட்சக்கணக்கானவர்களுக்கு அதே சட்டம் தரும் உரிமை என்ன ஆயிற்று? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர்.

பெரியவர்கள் ஆகிவிட்டவர்களின் நிலைமையைப் பேசும்போது மிஸ்ஸின் குரல் உயரும். அவரிடம் படித்த பையன் ஒருவனுக்கு ஊஞ்சல் என்றால் உயிர். பத்தொன்பது வயதில் ஒரு நாள் பூங்காக் காவலாளி அவனை இறக்கிவிட்டார். "பன்னிரண்டு வயசுக்கு மேல ஏறக் கூடாதும்மா, போர்டுல எழுதியிருக்கு பாருங்க." காவலாளி மேல் மிஸ்ஸுக்குக் கோபம் இல்லை. அவர் அவருடைய வேலையைச் செய்தார். சங்கிலி அறுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பையனுக்கு அந்த ஊரில் போக ஓர் இடம் இல்லாமல் போயிற்று. சிறப்புப் பள்ளி பதினெட்டு வயதோடு முடிந்துவிடும். அதன்பின் பெரும்பாலானவர்கள் வீட்டுக்குள் டி.வி. முன்னால் உட்கார்கிறார்கள், எடை கூடுகிறது, பேசக் கற்ற சில சொற்களும் புழங்க ஆளில்லாமல் மறைகின்றன. பெற்றோருக்கு வயதாகிறது. சிங்கப்பூரில் 2015-இல் திறந்த 'எனேபிளிங் வில்லேஜ்' வளாகத்தில் மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து பயிலும் உடற்பயிற்சிக்கூடம் ஒன்று இருக்கிறது. முப்பது வயது ஆட்டிசம் இளைஞருக்கு அப்படியோர் இடம் நம் நகரங்களில் எங்கே என்று கேட்டால் பதில் கிடையாது.

முதலில் சொன்ன கழிப்பறை விஷயமும் இங்கேதான் கூர்மையாகிறது. டயாப்பர் மாற்ற வேண்டிய பிள்ளை கைக்குழந்தையாக இருந்தால் எங்கேயாவது சமாளிக்கலாம். அவருக்கு வயது இருபது என்றால்? இங்கிலாந்தில் 2006-இல் இதற்காகவே 'சேஞ்சிங் பிளேசஸ்' என்ற இயக்கம் தொடங்கியது. பெரியவர் படுக்கும் அளவுக்கு நீளமான பெஞ்ச், தூக்கிக் கிடத்தும் கருவி, உதவியாளர் இருவர் நிற்க இடம் என்று ஓர் அறை. 2021 முதல் அங்கே புதிதாகக் கட்டும் பெரிய பொதுக் கட்டடங்களுக்கு அது கட்டாயம். நம் பூங்காக்களில் அந்த வேலை மரத்தடியில், இரண்டு அம்மாக்கள் புடவையை விரித்துப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது அம்மா அவசர அவசரமாகச் செய்வதாக இருக்கிறது. இதைப் பார்த்த எந்தத் தாயும் தன் பிள்ளையை அடுத்த முறை அழைத்துவரத் தயங்குவாள். வெளியே வருவதற்கு முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீர் கொடுப்பதைக் குறைத்துவிடும் பெற்றோர் உண்டு. சென்னை வெயிலில் அது ஆபத்து.

பணம் இல்லை என்ற பதிலுக்கும் மிஸ்ஸிடம் ஒரு மறுமொழி உண்டு. இல்லினாயின் 4 சென்ட் நமக்குப் புதிய யோசனை இல்லை. எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டப்படி நம் உள்ளாட்சிகள் சொத்து வரியோடு நூலக வரி வாங்குகின்றன. இன்று அது சொத்து வரியில் நூற்றுக்குப் பத்து. ஊருக்கு ஊர் நூலகம் நிற்பது அந்தப் பணத்தில்தான். புத்தகம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே வரி போட்ட மாநிலத்தால், எல்லோருக்கும் விளையாட்டு கிடைக்க வேண்டும் என்று அதில் இருபதில் ஒரு பங்காவது ஒதுக்க முடியாதா?

சென்னை மாநகராட்சியில் 15 மண்டலங்கள், 200 வார்டுகள், 700-க்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. எல்லாப் பூங்காவையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லி மிஸ் கேட்கவில்லை. மண்டலத்துக்கு இரண்டு பேர், மொத்தம் முப்பது பேர். சிறப்புக் கல்வியோ பிசியோதெரபியோ படித்தவர்களாக இருக்கட்டும். மண்டலத்துக்கு ஒரு பூங்காவைத் தேர்ந்தெடுத்து, வாரத்தில் இரண்டு மாலை அவர்கள் அங்கே இருக்கட்டும். ஒரு மாலை குழந்தைகளுக்கு, ஒரு மாலை பெரியவர்களுக்கு. வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொள்ளும் சாய்தள வேன் ஒன்று. காவலாளிகளுக்கு அரைநாள் பயிற்சி. பூட்டாத கழிப்பறை, அதில் ஒரு நீளப் பெஞ்ச். இவ்வளவுதான் பட்டியல். இதில் பாதி கிடைத்தாலும், சாந்தோமிலும் மெரினாவிலும் ஏற்கெனவே செலவழித்த கோடிகள் முழுப் பலன் தரும்.

இதைப் படிப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வார்டில் அடுத்த முறை பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது போங்கள். குப்பை, சாக்கடை, தெருவிளக்கு பேசி முடித்த பிறகு எழுந்து, நம் வார்டுப் பூங்காவுக்கு மாற்றுத்திறனாளிகள் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வரலாம், அப்போது அங்கே அவர்களுக்கு உதவ யார் இருப்பார் என்று கேளுங்கள். பதிலை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள்.